மானிட்டர் மேல் ஒரு துண்டு

சோதனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். ஓய்வு பெற்ற ஒருத்தியிடம் இப்படிக் கேட்பது ஆபத்து. ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். அதனால் ஒரே ஒரு ஆளைப் பற்றி மட்டும் எழுதுவது என்று எனக்கு நானே கடிவாளம் போட்டுக்கொண்டேன். இந்தத் தொழிலில் எனக்குக் குரு என்று யாராவது உண்டென்றால் அவள்தான். வயதில் எனக்கு மகள் மாதிரி. பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"பேரைப் போட்டீங்கன்னா மேடையில உக்கார வச்சு சால்வை போத்திடுவாங்க மேடம். எனக்கு வேலை கெடக்கு" என்றாள். 'அவள்' என்று எழுத மட்டும் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

நீங்களெல்லாம் இந்த வேலைக்கென்றே படித்துவிட்டு வருகிறீர்கள். நான் அப்படி வரவில்லை. தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் வாத்தியார் வீட்டுப் பெண். கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு, தஞ்சாவூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்த காலம் அது. என்னிடம் படித்த பிள்ளைகள் மெட்ராஸ், பெங்களூர், சிங்கப்பூர் என்று கிளம்பிக்கொண்டே இருந்தார்கள். பாடம் நடத்துவது பாதி வேலை, ஜங்ஷனில் நின்று கையசைப்பது மீதி வேலை என்று வீட்டில் என்னைக் கேலி செய்வார்கள்.

அப்படி ரயிலேறிப் போன ஒருவர்தான் பிற்பாடு எங்கள் மேனேஜராக வந்தார். திருப்பனந்தாள்காரர். அமெரிக்காவில் நல்ல வேலையில் இருந்தவர், திரும்பி வந்து சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் சேர்ந்து, அவர்களோடு மல்லுக்கட்டித் தஞ்சாவூரில் ஒரு கிளை திறந்து, என்னையும் அதில் சேர்த்துக்கொண்டார். "எதுக்குங்க எல்லாரும் பொட்டியைக் கட்டிக்கிட்டு மெட்ராஸ் போவணும்? வேலை இங்க வரக் கூடாதா?" என்பார். அந்தக் காலத்தில் அதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் குறைவு. மருத்துவக் கல்லூரி சாலையில் மோட்டார் பம்பு விற்கிற கடைக்கு மேல் மாடியில் கிளை. ஆற்றில் தண்ணீர் வரத் தாமதமாகிற வருஷங்களில் கீழே பம்பு வாங்கக் கூட்டம் நெரியும். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டுதான் நாங்கள் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் வேலை செய்ய மாடியேறுவோம்.

எங்களுக்கு முதலில் வந்த பெரிய வேலை ஒரு வெளிநாட்டுப் படகு நிறுவனத்துடையது. தீவு தீவாக ஆட்களை ஏற்றிப் போகிற பயணப் படகுகள். வலைப்பக்கத்தில் இருக்கை பிடித்துப் பெயர் கொடுத்தால் டிக்கெட் வந்துவிடும். பார்வையில்லாதவர்களும் யார் துணையும் இல்லாமல் அந்தப் பக்கத்தில் டிக்கெட் எடுக்க முடிகிறதா என்று நாங்கள் சோதித்துச் சொல்ல வேண்டும். பார்வையில்லாதவர்கள் ஸ்கிரீன் ரீடர் வைத்துக்கொள்வார்கள். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துச் சொல்கிற மென்பொருள். அது எதைச் சொல்கிறது, எதை விழுங்குகிறது, எதை உளறுகிறது என்று கேட்டு எழுதுவதுதான் வேலை. முதலில் வெள்ளோட்டம். அவர்களுக்குப் பிடித்துப்போனால் கிளை நிற்கும். பிடிக்காவிட்டால் கிளையை மூடிவிட்டு எங்களைச் சென்னைக்கு அழைத்துக்கொள்வார்கள்.

இந்த வேலைக்குத்தான் அவள் வந்தாள். குத்தாலத்துக்குப் பக்கத்தில் கிராமம். அம்மா நடவு வேலைக்குப் போகிறவர். அவளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்து, ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்து, சென்னையில் ஏறி இறங்காத கம்பெனி இல்லை. மார்க் ஷீட்டைப் பார்த்து மலர்ந்த முகங்கள் எல்லாம் கைத்தடியைப் பார்த்ததும் சுருங்கிவிட்டன என்று அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். "முகம் சுருங்கறது உனக்கு எப்படித் தெரியும்?" என்று நேர்காணலில் நான் கேட்டுவிட்டேன். "கொரலும் சேர்ந்துதான் மேடம் சுருங்கும்" என்றாள். அந்த இடத்திலேயே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

எங்களில் மற்றவர்களுக்குக் கிளை மூடினாலும் சென்னை இருந்தது. அவளுக்கு இல்லை. வெள்ளோட்டம் முடியும்வரை மட்டும் என்று சொல்லித்தான் தலைமை அலுவலகம் அவளை எடுத்துக்கொண்டது. வெள்ளோட்டம் தோற்றால் அவள் குத்தாலம் பஸ் ஏற வேண்டியதுதான். இது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

வந்த முதல் வாரத்திலேயே எங்கள் வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றினாள். அவள் வருவதற்கு முன்பே ஸ்கிரீன் ரீடரை ஓடவிட்டு, பக்கம் முழுவதையும் சோதித்து, எல்லாம் சரி என்று எழுதி வைத்திருந்தோம். அவள் அதே பக்கத்தை ஒருமுறை கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"மேடம், இந்த எடத்துல அது என்ன சொல்லுது?"

"'அடுத்து'ன்னு ஒரு பட்டன் இருக்குன்னு சொல்லுது."

"இல்லைங்க. வெறும் 'பட்டன்'னுதான் சொல்லுது. 'அடுத்து'ங்கறதை நீங்க படிச்சீங்க."

மறுபடி ஓடவிட்டுக் கேட்டேன். அவள் சொன்னதுதான் சரி. கண் படித்ததைக் காது கேட்டதாக நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கண் இருக்கிறவர்கள் ஸ்கிரீன் ரீடரைச் சோதிக்கும்போது நடக்கிற திருட்டு இது. யாருக்கும் தெரியாமல் கண் காதுக்குப் பிட்டு கொடுத்துக்கொண்டே இருக்கும். சாப்பிட்டுக் கை துடைக்க நான் நாற்காலியில் போட்டிருந்த ஈரிழைத் துண்டைத் தடவி எடுத்தாள். என் மானிட்டர் மேல் போர்த்தினாள். "இப்ப சோதிங்க" என்றாள்.

அன்றிலிருந்து எல்லாருடைய மேஜையிலும் ஒரு துண்டு. பஸ் ஜன்னலில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற ஊர் நம்முடையது. மானிட்டருக்குத் துண்டு போட்டு வேலை கற்றுக்கொண்டவர்கள் நாங்களாகத்தான் இருக்க வேண்டும். இன்றைக்கும் உங்கள் சோதனை அறை அலமாரியில் துண்டுகள் அடுக்கியிருக்கும். முகம் துடைக்க என்று நினைத்துவிடாதீர்கள்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். அந்தப் படகுப் பக்கத்தில் இருக்கையைத் தேர்ந்தெடுத்தால், அதை உங்களுக்கென்று கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கும். மீதி நேரம் திரையின் மூலையில் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்துக்குள் பெயரும் மற்ற விவரங்களும் கொடுத்து முடிக்க வேண்டும். முதலில் வந்த பக்கத்தில் அந்தக் கடிகாரம் நொடிக்கு நொடி வாய் திறந்தது. நாம் தட்டச்சு செய்கிற பெயரைக்கூடக் கேட்க விடாமல் மீதி நேரத்தைக் கத்திக்கொண்டே இருந்தது. "இதை முதல்ல வாயை மூடச் சொல்லுங்க" என்று எழுதி அனுப்பினாள். அங்கே பக்கத்தை எழுதுகிறவர்கள் ஒரேயடியாக மூடிவிட்டார்கள். கடிகாரம் ஊமையானது. நாங்களும் நிம்மதி என்று விட்டுவிட்டோம்.

இந்த இடத்தில் எங்கள் அலுவலகத்துக்கே உரிய ஒரு பைத்தியத்தையும் சொல்ல வேண்டும். அவள் ஸ்கிரீன் ரீடரை வைத்துக்கொள்கிற வேகம் பயங்கரமானது. மில்லில் நெல் கொட்டுகிற இரைச்சல் மாதிரி இருக்கும், அதற்குள் அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்கும். அதைப் பார்த்து எங்களுக்கும் ஆசை வந்துவிட்டது. துண்டைப் போட்டுக்கொண்டு, வேகத்தைக் கூட்டிக் கூட்டி, யார் முதலில் டிக்கெட் எடுப்பது என்று பந்தயம். பம்புக் கடைக்காரர் மாடியேறி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் இறங்கிப் போவார். நாங்கள் எல்லாரும் அவ்வளவு வேகமாக முடித்ததில், பிடித்து வைத்த நேரம் தீர்ந்துபோனால் அந்தப் பக்கம் என்ன செய்யும் என்று பார்க்க யாருக்கும் வாய்க்கவே இல்லை.

வெள்ளோட்டத்தின் முடிவில் படகு நிறுவனத்திலிருந்து ஓர் அம்மா நேரில் வந்தார். உயரமான, அதிகம் சிரிக்காத அம்மா. மேனேஜர் திருவையாற்றிலிருந்து அசோகா அல்வா வரவழைத்து வைத்திருந்தார். ஜன்னல்களுக்குத் திரை போட்டு, சுவரில் பக்கத்தைப் பெரிதாகக் காட்ட ப்ரொஜெக்டர் வைத்தோம். அவளுடைய மானிட்டரில் இருந்த ஒயரைப் பிடுங்கி ப்ரொஜெக்டரில் செருகியாயிற்று. மானிட்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவளுக்கு ஒன்றுதானே.

ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. மின்வெட்டு நேரம் எங்களுக்கு மனப்பாடம், அதைத் தவிர்த்துத்தான் கூட்டம் வைத்திருந்தோம். அன்றைக்கென்று முன்கூட்டியே போனது. கம்ப்யூட்டர்களும் நெட்டும் யு.பி.எஸ்ஸில் ஓடின. ப்ரொஜெக்டருக்கும் ஃபேனுக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. சுவரில் இருந்த பக்கம் காணாமல் போய், அறை அரை இருட்டாகிவிட்டது. மேனேஜர் பதறி எழுந்து, கரண்ட் வரும்வரை நிறுத்தி வைக்கலாம் என்றார்.

"ஏன் சார் நிறுத்தணும்? எனக்கு ஒண்ணும் மாறலையே" என்றாள் அவள்.

அதையே ஆங்கிலத்தில் அந்த அம்மாவிடமும் சொன்னாள். நீங்கள் காதால் கேட்டே புரிந்துகொள்ளலாம், உங்களுக்காக வேகத்தைக் குறைக்கிறேன் என்றாள். அந்த அம்மா சம்மதித்தார். ஸ்கிரீன் ரீடர் முதல்முறையாக மனுஷர் பேசுகிற நிதானத்தில் பேசியது. படகு, இருக்கை, பெயர் என்று ஒவ்வொன்றையும் நிறுத்தி, அது ஏன் அப்படிச் சொல்கிறது என்று விளக்கிக்கொண்டே போனாள். அவ்வளவு அழகாக ஒருவர் ஒரு வலைப்பக்கத்தைச் சொல்லி நான் கேட்டதில்லை. திரை இல்லாதபோதுதான் அந்தப் பக்கம் எனக்கு முழுதாகத் தெரிந்தது.

விவரங்களையெல்லாம் கொடுத்து முடிக்கப்போகிற நேரத்தில், 'எந்தப் படகுத்துறையிலிருந்து புறப்படுகிறீர்கள்' என்று ஸ்கிரீன் ரீடர் கேட்டது.

அது பக்கத்தின் ஆரம்பத்தில் வருகிற கேள்வி. பிடித்து வைத்த நேரம் தீர்ந்துவிட்டது. பக்கம் இருக்கையை எடுத்துக்கொண்டு, கொடுத்த பெயர்களை அழித்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் முதலுக்குப் போய்விட்டது. கண் உள்ளவர்களுக்கு அது சிவப்பு எழுத்தில் ஒரு வரி காட்டும் என்று பிற்பாடு தெரிந்தது. காதுக்கு ஒன்றுமே இல்லை.

அறையில் வேறு யாருக்கும் புரியவில்லை. அந்த அம்மாவுக்கு இதுவும் இன்னொரு கேள்வி. மேனேஜருக்கும் அப்படித்தான். துண்டு புண்ணியத்தில் எனக்குப் புரிந்தது, அவளுக்குப் புரிந்தது. அவள் விரல்கள் விசைகளின் மேல் நின்றுவிட்டன. அவள் நினைத்திருந்தால் தன் பழைய வேகத்தில் மறுபடி எல்லாவற்றையும் நிரப்பி, டிக்கெட்டை எடுத்துக் காட்டியிருக்கலாம். சுவரில் படம் இல்லை, சாட்சி இல்லை. வெள்ளோட்டம் வெற்றி, வேலை நிரந்தரம், ஊரில் அவள் அம்மாவுக்கு நல்ல சேதி. எல்லாம் அந்த விரல்களுக்குக் கீழேயே இருந்தது.

அவள் என் பக்கம் லேசாகத் திரும்பித் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "மேடம், சீட் போயிடுச்சு. சொல்லப்போறேன்."

கேட்கவில்லை, கவனியுங்கள். சொன்னாள். "சொல்லும்மா" என்றேன். வாழ்நாள் முழுக்கப் பேசியிருக்கிறேன், அதில் உருப்படியான பேச்சு அதுதான்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்து அந்த அம்மாவிடம், "என் இருக்கை பறிபோய்விட்டது. இந்தப் பக்கம் அதை என்னிடம் சொல்லவில்லை. இதுவரை இது எங்கள் சோதனையில் வரவில்லை, ஏனென்றால் நான் வேகமாக முடிப்பவள். என் வேகம் இந்தக் குறையை மூடி வைத்திருந்தது. இன்றைக்கு நிதானமாகப் போனதால் வெளியே வந்தது" என்றாள். மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த அம்மா, "முன்பு அது பேசியபோது வேண்டாம் என்றீர்கள். இப்போது பேசவில்லை என்கிறீர்கள். அது என்னதான் செய்ய வேண்டும்?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான்.

அவள் தன் ஊர் பஸ்ஸைப் பற்றிச் சொன்னாள். கல்லூரிக்குப் போய் வந்த வழியில் மூன்று விதக் கண்டக்டர்கள். ஒருவர் இவளுக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு, வருகிற ஒவ்வொரு நிறுத்தத்தையும் காதருகில் வந்து கத்துவார். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும், பக்கத்தில் இருப்பவரோடு ஒரு வார்த்தை பேச முடியாது. இன்னொருவர் நிறுத்தம் தாண்டிய பிறகு, "அடடா, நீ எறங்கலையா?" என்பார். மூன்றாமவர் இவள் ஊருக்கு முந்தைய வாய்க்கால் பாலத்தில் பஸ் ஏறும்போது, போகிறபோக்கில் ஒரே ஒரு தடவை, "அடுத்தது உன் ஸ்டாப்பும்மா" என்பார். பையை எடுத்துக்கொண்டு எழுந்து வர நேரம் இருக்கும். இவள் தடுமாறினால், "மெதுவா வா, வண்டி நிக்கும்" என்பார்.

"உங்கள் பக்கம் முதலில் முதலாமவராக இருந்தது. இப்போது இரண்டாமவராக இருக்கிறது. எனக்கு மூன்றாமவர் வேண்டும்" என்று முடித்தாள்.

அந்த அம்மா எழுந்து போய் ஜன்னல் திரையை விலக்கினார். வெளிச்சம் வந்தது. "இந்தப் பக்கத்தை இப்போதைக்கு வெளியிடுவதாக இல்லை" என்றார். எங்கள் மேனேஜரின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் வரவில்லை. ஆனால் அந்த அம்மா பேச்சை முடிக்கவில்லை. "இது எப்போது தயார் என்று இவர் சொல்லட்டும். அதுவரை வேலை இங்கேயே நடக்கட்டும்" என்று அவளைக் காட்டினார். பிறகு உட்கார்ந்து அசோகாவை எடுத்துச் சாப்பிட்டார். முதல்முறையாகச் சிரித்ததும் அப்போதுதான்.

கிளை நின்றது. வேலை நிரந்தரம் என்ற உத்தரவு வந்ததும் அவள் ஊருக்குப் போன் போட்டாள். அம்மா வயலில் இருக்கிறார், சாயங்காலம்தான் வருவார் என்று பதில் வந்தது. சாயங்காலம்வரை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். எங்களிடம்கூட அம்மாவுக்கு அப்புறம்தான் சொன்னாள்.

அந்தப் பக்கத்தை அவள் சுலபத்தில் விடவில்லை. திருத்தி அனுப்புவார்கள், துண்டைப் போட்டுக்கொண்டு கேட்பாள், திருப்பி அனுப்புவாள். ரொம்ப முன்னால் சொல்லுது, ரொம்பப் பேசுது, கேள்வி கேட்டுட்டுப் பதிலுக்கு நிக்க மாட்டேங்குது என்று ஒவ்வொரு தடவையும் ஒரு குறை. அந்தப் பக்கத்து ஆட்களுக்குப் பொறுமை போய்விட்டது. அவளுக்குப் போகவில்லை. கடைசியில் ஒருநாள், நேரம் தீர்வதற்குச் சற்று முன்பு ஒரே ஒருமுறை, 'உங்கள் நேரம் முடியப்போகிறது, இன்னும் நேரம் வேண்டுமா?' என்று கேட்டுவிட்டுப் பக்கம் அமைதியாகக் காத்திருந்தது. "கண்டக்டர் வந்துட்டார் மேடம்" என்றாள். அன்றைக்குத்தான் தயார் என்று எழுதி அனுப்பினாள்.

அதன் பிறகு எங்கள் அலுவலகத்தில் பந்தயம் நின்றது. எந்தச் சோதனையாக இருந்தாலும் ஒருமுறை வேகத்தை அடிமட்டத்துக்கு இறக்கி வைத்துக் கேட்க வேண்டும் என்று விதி போட்டாள். நேற்றுப் பார்வை போன ஒருவர் இன்றைக்கு முதல்முறையாக உட்கார்ந்து தடவித் தடவிக் கேட்பது மாதிரி கேட்க வேண்டும் என்பாள். நீங்கள் கெட்டிக்காரர்கள், வேகமானவர்கள், எனக்குத் தெரியும். உங்கள் கெட்டிக்காரத்தனம் எதையெல்லாம் மூடி வைத்திருக்கிறது என்று அடிக்கடி சந்தேகப்படுங்கள். நான் உங்களுக்குச் சொல்கிற ஒரே உபதேசம் இது. இதுவும் அவளுடையது.

சில வருஷம் கழித்து அந்தப் படகு நிறுவனமே அவளைத் தங்கள் நாட்டுக்கு வேலைக்கு அழைத்துக்கொண்டது. மேனேஜர், "மெட்ராசுக்கே போவ வேணாம்னு கடையைத் தொறந்தேன், நீ கடலைத் தாண்டிப் போறியேம்மா" என்று அலுத்துக்கொண்டார். அலுத்துக்கொண்டே திருச்சி விமான நிலையம்வரை வந்து வழியனுப்பினார். நானும் போனேன். கையசைப்பதில் எனக்குத்தான் அனுபவம் அதிகம்.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் காலையில் போன் செய்தாள். அவள் அம்மா அங்கே வந்திருந்தார். இருவருமாக ஒரு தீவுக்குப் போகிறார்கள், அதற்கு டிக்கெட் எடுக்கப்போகிறாள். "சத்தத்தைக் கேளுங்க மேடம்" என்று போனைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்தாள். ஸ்கிரீன் ரீடர் பேசியது. நிதானமான வேகம். படகு, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கை, அவள் பெயர், அம்மா பெயர் என்று ஒவ்வொன்றாக முடித்தாள். கடைசிப் பொத்தானை அழுத்த வேண்டிய நேரத்தில் சத்தம் நின்றுவிட்டது.

"என்னம்மா ஆச்சு?" என்றேன்.

"ஒண்ணுமில்ல மேடம். கையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்துருக்கேன்."

நேரத்தை ஓடவிடுகிறாள் என்று புரிந்துகொண்டு நானும் காத்திருந்தேன். அங்கே அவள் அம்மா ஏதோ கேட்பதும், "இரும்மா" என்று இவள் சொல்வதும் கேட்டது. அப்புறம் அந்தக் குரல் வந்தது. ஒரே ஒருமுறை கேட்டுவிட்டு நின்றது.

"யாருடி அது? என்ன கேக்குது?" என்றார் அம்மா.

"இன்னும் நேரம் வேணுமான்னு கேக்குதும்மா."

"நல்லபடியா கேக்குதுல்ல. வேணும்னு சொல்லு" என்றார் அம்மா.